காய வைத்த விளக்குமாறு

“இன்னிக்குக் கடை இல்லைங்க,” என்று எர்வின் மறுபடியும் சொன்னார்.

முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் நகர்வதாகக் காணோம். கையில் ஊன்றுகோல், முதுகில் பை, காலில் சேறு அப்பிய பூட்ஸ். ஒருவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினவனை எழுப்புவது லேசுப்பட்ட காரியம் அல்ல என்பது எர்வினின் முப்பது வருஷ அனுபவம்.

“கடை இல்லேன்னா, வாசல்ல விளக்குமாறு எதுக்குங்க மாட்டியிருக்கு?” என்று கேட்டார் தொப்பிக்காரர்.

எர்வின் வாசலை எட்டிப் பார்த்தார். கல்தூணில் பதித்த இரும்பு வளையத்தில் பிர்ச் குச்சி விளக்குமாறு தலைகீழாக நின்றுகொண்டு ஊரையே வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நெக்கர் ஆற்றங்கரைக் குன்றுகளில், சொந்தத் தோட்டத்து ஒயினை வீட்டிலேயே வைத்து விற்கிற குடும்பங்கள் போர்டு எழுதுவதில்லை. வாசலில் விளக்குமாறு ஏறினால் கடை திறந்தாச்சு, இறங்கினால் மூடியாச்சு. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா என்று கேலி பேசுவார்களே, இங்கே நிஜமாகவே ரிப்பன் கட்டித் தொங்கவிடுவார்கள். யாரும் சிரிப்பதில்லை.

காலையில் எர்வின் முற்றம் பெருக்கினார். விளக்குமாறு நனைந்துவிட்டது. காயட்டும் என்று எங்கேயோ செருகினார். எங்கே என்று மனசு பார்க்கவில்லை, கையே பார்த்துக்கொண்டது. முப்பது வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த வளையம்தான். பழக்கதோஷம்.

அதுவும் எந்த நாளில்? ரோஸ்விதா திரும்பி வருகிற நாளில்!

ரோஸ்விதா அவர் மனைவி. கோடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள். சண்டை என்று சொல்லிவிட முடியாது. ஒருநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, “கண்டவனும் என் சோபாவுல உட்கார்ந்து மீசையைத் துடைக்கிறான். எனக்கு அலுத்துப் போச்சு எர்வின்,” என்றாள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கட்டில் பரணுக்கு ஏறும், கூடத்தில் பெஞ்சுகள் இறங்கும், வீட்டுக்காரர்கள் சமையலறை மூலையில் சுருண்டு படுப்பார்கள். அவருக்கு அது தொழில். அவளுக்கு அது வீடு.

போன வாரம் போன் செய்தாள். “ஞாயித்துக்கிழமை வர்றேன். வீடு வீடா இருந்தா இருப்பேன். கடையா இருந்தா அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவேன்.”

“கடையே கிடையாது ரோஸ்விதா. விளக்குமாத்தால இனிமே பெருக்க மட்டும்தான்,” என்று எர்வின் சத்தியம் செய்தார்.

சொன்னபடி செய்தும் இருந்தார். கட்டிலைப் பரணிலிருந்து இறக்கினார். சோபாவை உதறினார். அவளுடைய வெளிர்மஞ்சள் கம்பளத்தைத் துவைத்துக் காயவைத்து விரித்தார். நடுவிலே திராட்சை அறுவடை வேறு. செங்குத்துச் சரிவில் கூடை கூடையாக முதுகில் சுமந்து இறக்கி, அப்பா காலத்து மரப்பொறியைக் கையால் திருகிப் பிழிந்து, ராத்திரி நின்றபடியே ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டு விழுவார். உடம்பில் வலிக்காத இடம் ஒன்று இருக்கிறதா என்று தேடினால் காது மடல் கிடைக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘ஏன் இன்னும் தூங்கல?’ என்று கேட்க ஆள் இல்லாத வீட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடைசி பஸ்ஸில்தான் வருவாள். இன்னும் மதியமே ஆகவில்லை. இந்த இரண்டு பேரைக் கிளப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

“ஆளுக்கு ஒரு கிளாஸ் தர்றேன். குடிச்சிட்டுக் கிளம்பிடணும். சரியா?”

“நல்லாருப்பீங்க ஐயா.”

பீப்பாயைத் திறக்க மனசு வரவில்லை. தொட்டியில் பொங்கிக்கொண்டிருந்த புதுச்சாற்றை மொண்டு கொடுத்தார். பாதி சாறு, பாதி ஒயின். மோர் மாதிரி கலங்கி நுரைத்து, தித்திப்பாக இறங்கும். குடிப்பவனுக்கு அது ஒயின் என்றே தோன்றாது. வயிற்றுக்குப் பிற்பாடு தோன்றும்.

“எவ்வளவு ஆச்சு?”

“காசு வேண்டாம். இந்த வருஷம் கடை வைக்கறதா நான் ஆபீஸ்ல பதியவே இல்ல. காசு வாங்கினா வம்பு.”

தொப்பிக்காரர் பெயர் ஹார்ட்மூட். ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார், நடைப்பயணச் சங்கத்தின் தலைவர். அவர் எர்வினை உற்றுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, குன்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரலில் பேசினார்.

“மலை உச்சிக்கெல்லாம் போக வேண்டாம். எல்லாரும் கீழ இறங்கி வாங்க. இங்க ஒரு மகராசன் காசே வாங்க மாட்டேங்கிறார்!”

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

எர்வின் வாசலுக்கு ஓடி விளக்குமாற்றைப் பிடுங்கினார். கையில் வைத்துக்கொண்டு முழித்தார். வீட்டுக்குள் கொண்டுபோனால் ஈரம் சொட்டும். முற்றத்தில் வைத்தால் ரோஸ்விதாவின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். மதில் பக்கமாகப் போய் ஒரே வீச்சாகப் பக்கத்து வீட்டுக்குள் எறிந்தார். சனியன் தொலைந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

விளக்குமாறு போய் விழுந்த இடம் கெர்லிண்ட் வீட்டு முன்வாசல் ரோஜாப் பந்தல். விழுந்ததோடு நிற்காமல், குஞ்சம் மேலாக, ஆள் உயரத்துக்கு வாகாகத் தொங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரே களேபரம். பிறகு மதில் கதவு படாரென்று திறந்தது. கெர்லிண்ட் வந்தாள். தலைமுடியெல்லாம் சுருட்டுக் குழாய்கள், உடம்பில் பாத்ரூம் அங்கி. அவள் பின்னால் ஒரு பட்டாளமே நின்றது.

“யோவ் எர்வின்! நான் குளிச்சிட்டு வெளிய வர்றேன், என் வராந்தாவுல பன்னிரண்டு பேர் உட்கார்ந்துக்கிட்டு, ‘ரெட்டா ஒயிட்டா’ங்கிறான். ஒருத்தன் என் அங்கியைப் பார்த்து, சீருடை நல்லாருக்குங்கிறான்! உன் விருந்தாளிங்களை நீயே வச்சுக்க.”

“கெர்லிண்ட், கொஞ்சம் கேளேன். ரோஸ்விதா இன்னிக்கு...”

“ரோஸ்விதா போனது உனக்கு ரொம்ப வசதியாப் போச்சுன்னு ஊரே சொல்லுது. இப்பத்தான் எனக்கும் புரியுது.”

விளக்குமாற்றை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள். எர்வின் அதை ஓட்டைப் பீப்பாய்க்குள் போட்டு மூடினார். ஆனால் ஆட்கள் வந்தாயிற்றே! ஆட்களை எந்தப் பீப்பாயில் போட்டு மூடுவது?

அதற்குள் வானமும் தன் பங்குக்கு ஆரம்பித்தது. சிணுசிணுவென்று மழை. எல்லோரும் கூடத்துக் கதவை நோக்கி நகர்ந்தார்கள். எர்வின் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“இந்தப் பக்கம் ஒருத்தர் காலடி வைக்கக் கூடாது! கொட்டகைக்குப் போங்க, கொட்டகைக்கு!”

பிழியும் கொட்டகையில் ஒரே ஒரு மங்கல் விளக்கு. வரிசையாகப் பீப்பாய், மூலையில் மரப்பொறி, நடுவில் புளித்துக்கொண்டிருக்கும் தொட்டி. பரணிலிருந்து பெஞ்சுகளை அவர்களே இறக்கிப் போட்டுக்கொண்டார்கள். குளிருக்கு அடக்கமாக மழைக்கோட்டும் அதோடு தைத்த தலைமூடியுமாக உட்கார்ந்தார்கள். எது ஆண், எது பெண் என்றே தெரியவில்லை. சுவரோரக் கடைசி பெஞ்சில் கோட்லோப் எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தார்.

கோட்லோப் மூன்று வீடு தள்ளி இருக்கிற கட்டைப் பிரம்மச்சாரி. கடை திறந்த நாளெல்லாம் வருவார், அதே இடத்தில்தான் உட்காருவார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வாயைச் செலவழிக்கிற ஊதாரித்தனம் அவரிடம் இல்லை.

“நீங்களுமா கோட்லோப்?”

“விளக்குமாறு பார்த்தேன்.”

அவ்வளவுதான். அன்றைய பேச்சில் பாதி முடிந்தது.

ஆளுக்கு ஒரு கிளாஸ் என்பது இரண்டாயிற்று. வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் போனதும் சங்கத்தார் பாட ஆரம்பித்தார்கள். ஹார்ட்மூட் நின்றுகொண்டு கையை ஆட்டித் தாளம் போட்டார். எர்வின் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் கடை திறந்திருக்கிறது என்று ஊருக்கு அர்த்தம். தபால்காரர் வந்தார். தீயணைப்புக் குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மழையிலிருந்து உள்ளே நுழைந்துகொண்டே இருந்தார்கள்.

பாட்டை நிறுத்த ஒரே வழி வாயை அடைப்பது. எர்வின் சமையலறைக்கு ஓடினார். வெங்காயம் நறுக்கினார், மாவு பிசைந்தார், பன்றிக்கொழுப்பும் க்ரீமும் மேலே பரப்பி அடுப்பில் தள்ளினார். வெங்காய ரொட்டி ரோஸ்விதாவின் கைப்பக்குவம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தின்னும் பக்குவம்தான். முதல் தட்டு கருகியது. இரண்டாவது தட்டின் ஓரம் மட்டும் கருகியது. வாசனை தெருவைத் தாண்டிப் போனதும் இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள்.

“ஐயா, இங்க ஒரு தட்டு!”

“ஐயா, கிளாஸ் காலி!”

“ஐயா, இந்தத் தொட்டியில தோலெல்லாம் மேல வந்து மிதக்குதே. நான் இறங்கி மிதிக்கட்டுமா?” ஹார்ட்மூட் ஒரு பூட்ஸைக் கழற்றியே விட்டார்.

“காலை எடுங்க சார்! மிதிக்கறதெல்லாம் எங்க தாத்தாவோட போச்சு!”

தோல் திரளை வேளாவேளைக்கு உள்ளே அமுக்காவிட்டால் மொத்தமும் காடியாகிவிடும். எர்வின் மரத்துடுப்பை எடுத்து ஒரு கையால் அமுக்கினார். மறுகையில் கிளாஸ். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் ஆவி. துடைக்கவும் கை இல்லை. நீட்டிய கிளாஸில் எல்லாம் ஊற்றினார், நீட்டினது யார் என்று பார்க்கக்கூட நேரமில்லை. கடைசி பெஞ்சு வரை போனார். கோட்லோப் நீட்டினார், ஊற்றினார். பக்கத்தில் ஒரு தலைமூடி நீட்டியது, அதற்கும் ஊற்றினார். இடுப்பு இற்று விழும் போலிருந்தது. இவ்வளவையும் முப்பது வருஷமாக அவள் எப்படிச் சுமந்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாததால் அதையும் சுமந்துகொண்டே நடந்தார்.

அப்போதுதான் புதுச்சாறு வேலையைக் காட்டியது.

முதலில் தபால்காரர் பேச்சை நிறுத்திவிட்டு ஏதோ காது கொடுத்துக் கேட்பவர் போல அசையாமல் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார்.

“எர்வின், கழிப்பறை எங்கே? சீக்கிரம் சொல்லு.”

அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே கழிப்பறை. அதற்குப் போகிற வழியும் ஒன்றே ஒன்று. கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?”

“நான் பொறுப்பேன். அது பொறுக்காது.”

உரலுக்குள் தலையை விட்டபிறகு உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? எர்வின் கதவைத் திறந்துவிட்டார். தபால்காரர் பின்னால் தீயணைப்புக் குழு, அதன் பின்னால் நடைப்பயணச் சங்கம். வெளிர்மஞ்சள் கம்பளத்தின்மேல் சேறு அப்பிய பூட்ஸுகளாக ஒரு நீண்ட வரிசை, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றது. முறைக்குக் காத்திருந்தவர்களில் வயதான இருவர் ரோஸ்விதாவின் சோபாவில் உட்கார்ந்தார்கள். அதில் ஒருவருக்கு மீசை இருந்தது. அவர் அதைத் துடைத்தார்.

எர்வினுக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின்மேல் பழி போடவும் வழியில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய், கவிழ்த்த கூடைமேல் ஏறி நின்றார்.

“எல்லாரும் கேளுங்க! என் பொண்டாட்டி வர்றா!”

கல்யாணமான ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாங்களா?” என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள்.

“ஆமாங்க. கோடையிலேருந்து.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணுமே செய்யலைங்க.”

“அதானே பார்த்தேன்!” என்றாள் அந்த அம்மாள்.

“வீடு வீடா இருந்தாத்தான் இருப்பேன்னு சொல்லியிருக்கா. கடைசி பஸ்ஸுல வர்றா. விளக்குமாறு நான் காயத்தாங்க வச்சேன், சத்தியமா காயத்தான் வச்சேன்! அவ இல்லாம ராத்திரி அந்தக் கூடத்துல விளக்கு போடக்கூட எனக்கு மனசு வரல. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், போயிடுங்க.”

மூக்குறிஞ்சுகிற சத்தம் இரண்டு இடத்திலிருந்து கேட்டது. பிறகு ஹார்ட்மூட் ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்றார்.

“சங்கத்தாரே! கிளம்பறதுக்கு முன்னாடி, வந்த தடம் தெரியக் கூடாது. வேலையைப் பாருங்க!”

பார்த்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சிலர் கிளாஸ் கழுவினார்கள், சிலர் பெஞ்சுகளைப் பரணில் ஏற்றினார்கள். முன்பெஞ்சு அம்மாள் மண்டிபோட்டுக் கம்பளத்தைத் தேய்த்தாள். தீயணைப்புக் குழு முற்றத்தைக் குழாய் வைத்து அலம்பியது. மீசைக்காரர் தானாகவே சோபாவைத் துடைத்தார். மாலை பஸ் வருகிற நேரத்துக்குள் வீடு, வீடாகிவிட்டது.

அந்த பஸ் இவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும். ரயிலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அதுவே கடைசி பஸ்ஸாகத் திரும்பும். எர்வின் குடையைப் பிடித்துக்கொண்டு, கொட்டகைக்கும் சர்ச் எதிரே நிற்கிற பஸ்ஸுக்குமாக அலைந்தார். சிலருக்குக் கால் தள்ளாடியது. சிலருக்கு எழுந்திருக்கவே மனசில்லை. அப்படிப்பட்டவர்களை, “எழுந்திரும்மா, என் பொண்டாட்டி வர்ற நேரம்,” என்று கையைப் பிடித்து, பையை வாங்கிக்கொண்டு, படியேற்றிவிட்டார். கதவு மூடியது. உள்ளேயிருந்து கையாட்டினார்கள். ஹார்ட்மூட், “ஜெயிச்சுட்டு வாங்க!” என்று கத்தினார்.

எர்வின் முகம் கழுவினார். கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டார். கூடத்து விளக்கைப் போட்டார். சமையலறை மேசையில் ரோஸ்விதாவுக்குப் பிடித்த கருஞ்சிவப்பு ஒயினில் ஒரு பாட்டிலும் இரண்டு கிளாஸும் வைத்தார். ஓரம் கருகாத ரொட்டித் துண்டாகப் பார்த்து ஒன்று எடுத்து வைத்தார். பிறகு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகு எழுந்திருக்க முடியுமா என்பது சந்தேகமாக இருந்தது.

கடைசி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. டிரைவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, விளக்கை அணைத்து, வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

எர்வின் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொட்டகையிலிருந்து கோட்லோப் மெதுவாக வெளியே வந்தார். அவரை யாரும் விரட்டவில்லை. அவரைப் பெஞ்சோடு சேர்த்துத்தான் எல்லோரும் எண்ணுவார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டபடி படியருகே நின்றார்.

“வீட்டுக்குள்ள போகல?”

“வரலையே கோட்லோப்,” என்றார் எர்வின். “இவ்வளவு செஞ்சும் வரலையே. ரோஸ்விதா ஏன் வரல?”

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. கோட்லோப் பதில் சொன்னார்.

“யாரு, ரோஸ்விதாவா? அவ மத்தியான பஸ்ஸுலயே, மழை ஆரம்பிச்சப்பவே வந்துட்டாளேடா. என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. நீகூட ரெண்டு கிளாஸ் ஊத்தினே. அப்புறம், ‘என் பொண்டாட்டி வர்ற நேரம்’னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவளை பஸ் ஏத்திவிட்டது நீதானே!”